26க்கு 6

வணக்கம் நேயர்களே. என்னைக் கூப்பிட்டு ஒரு வீடியோக்காரரைப் பத்தி பேசச் சொல்லியிருக்காங்க, அதுவும் ரேடியோவுல, கல்யாண சாப்பாட்டை போன்ல வர்ணிக்கிற மாதிரிதான் இது, பரவால்ல, காதாலேயே ஆடற ஒரு ஆட்டத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2, 4, 8. இந்த மூணு நம்பரும் ஒரு விதிப்படி வருது. அந்த விதி என்னன்னு நீங்க கண்டுபிடிக்கணும். நீங்க எந்த மூணு நம்பர் வேணா சொல்லலாம், அது விதிக்குள்ள வருதா வரலையான்னு மட்டும் நான் சொல்லுவேன். எல்லாரும் என்ன சொல்லுவாங்க? 16, 32, 64. வருது. 3, 6, 12. அதுவும் வருது. உடனே "அவ்ளோதானே, ரெண்டால பெருக்கிட்டே போகணும்"னு ஒரு சிரிப்பு. இல்லைங்க, அது விதி இல்ல. அப்புறம் 5, 10, 20, அதுவும் வருது, மறுபடி அதே பதில், மறுபடி இல்ல. தெருவுல போறவங்களை நிறுத்தி கேமராவோட இதைக் கேட்டாரு டெரிக் முல்லர், நான் சொன்ன வீடியோக்காரர் இவருதான். விதி என்னன்னா ஏறுவரிசை, சின்னதுல இருந்து பெரிசு, அவ்ளோதான். 1, 2, 3ன்னு சொன்னாலும் வரும். ஆனா தான் நினைச்சது தப்பா இருக்குமோன்னு சோதிக்கிற நம்பரை யாருமே லேசுல சொல்ல மாட்டாங்க, தனக்கு ஆமாம்னு பதில் வர்ற நம்பரையே சொல்லிட்டு இருப்பாங்க. பீட்டர் வேசன்னு ஒரு உளவியல்காரர் 1960லயே இந்த மாதிரி ஒரு சோதனை பண்ணியிருக்காரு, டெரிக் அதைத் தெருவுக்குக் கொண்டு வந்தாரு.

வெரிட்டாசியம்னு யூடியூப்ல ஒரு சேனல், உங்க வீட்டுப் பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதை ஆரம்பிச்சவர்தான் இவரு. 1982ல ஆஸ்திரேலியாவுல டிராரல்கன்ங்கிற ஊர்ல பொறந்தாரு, அப்பா அம்மா தென்னாப்பிரிக்காக்காரங்க, ஒன்றரை வயசுலயே கனடாவுல வான்கூவருக்குப் போயாச்சு. குவீன்ஸ் யூனிவர்சிட்டில இன்ஜினியரிங் பிசிக்ஸ் 2004ல முடிச்சாரு. மனசு முழுக்க சினிமா, படம் எடுக்கக் கத்துக்கணும்னு ஆஸ்திரேலியாவுக்கு பிளைட் ஏறினவரு கடைசில சேர்ந்தது சிட்னி யூனிவர்சிட்டில பிஎச்டிக்கு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அவரு ரெண்டையும் விடல. பிசிக்ஸ் சொல்லித்தர வீடியோ எப்படி எடுக்கணும்ங்கிறதே அவரோட பிஎச்டி தலைப்பு.

அதுல அவரு என்ன பார்த்தாருன்னு கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா நான் இருபது வருஷமா பிளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்கிறவன், இது நேரா என் வயித்துல அடிச்ச விஷயம். ஒரு பந்தை மேல தூக்கிப் போடறோம். கையை விட்டதுக்கு அப்புறம், மேல போயிட்டு இருக்கும்போது பந்து மேல என்ன ஃபோர்ஸ் இருக்கு? காத்தை விட்டுடுங்க. கீழ இழுக்கிற கிராவிட்டி மட்டும்தான். ஆனா பெரும்பாலான பேரு "மேல தள்ளற ஒரு ஃபோர்ஸ் இருக்கு, அது கொஞ்சம் கொஞ்சமா குறையுது"ன்னுதான் நினைப்பாங்க. இந்த மாதிரி கேள்விகளை வச்சு ஒரு டெஸ்ட், 26 மார்க். பசங்க முதல்ல எழுதினப்போ சராசரி 6. அப்புறம் நல்லா தெளிவா, படத்தோட, சரியான விளக்கத்தோட ஒரு வீடியோ போட்டுக் காட்டினாரு. பசங்க சொன்னாங்க, சூப்பர் சார், ரொம்ப தெளிவா இருந்துச்சுன்னு. திரும்ப டெஸ்ட் வச்சா சராசரி 6.3.

தெளிவா இருந்துச்சுன்னு சொன்ன அதே பசங்கதாங்க! ஏன்னா ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்தானேன்னு மனசு பாதி கண்ணை மூடிக்குது, வீடியோவுல சொன்னது தான் நினைச்சதுக்கு நேர் எதிர்னு கூட கவனிக்கல, கேட்டா நான் நினைச்சதையேதான் அவரும் சொன்னாருங்கிறாங்க. அதனால இன்னொரு வகை வீடியோ பண்ணாரு. அதுல ஒருத்தர் அந்தத் தப்பான பதிலையே வாய்விட்டு சொல்லுவாரு, இன்னொருத்தர் அது ஏன் ஒத்து வரலன்னு பேசுவாரு, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டுவாங்க. பசங்களுக்கு இது பிடிக்கல, குழப்பமா இருக்குன்னாங்க. ஆனா மார்க் 6ல இருந்து 11க்குப் போச்சு. 2008ல பட்டம் வாங்கிட்டாரு.

2011 ஜனவரில சேனல் ஆரம்பிச்சாரு. ஸ்லிங்கின்னு ஒரு ஸ்பிரிங், திருவிழாக் கடையில கலர் கலரா தொங்குமே, படிக்கட்டுல தானா இறங்குமே, அது. அதோட மேல் முனையைப் பிடிச்சு தொங்க விட்டா நீளமா கீழ இறங்கி நிக்கும். இப்ப கையை விட்டா எந்தப் பக்கம் முதல்ல விழும்? சிட்னி யூனிவர்சிட்டி பேராசிரியர் ராட் கிராஸோட சேர்ந்து அதை ஸ்லோமோஷன்ல எடுத்தாரு. கீழ் முனை அசையவே இல்லைங்க, அந்தரத்துல அப்படியே நிக்குது, மேல இருக்கிற சுருள் எல்லாம் வந்து அதுமேல மோதற வரைக்கும். கீழ் முனையை கிராவிட்டி இழுக்குது, ஸ்பிரிங் அதே அளவு மேல இழுத்துப் பிடிச்சிருக்கு, மேல கையை விட்டாச்சுங்கிற சேதி ஸ்பிரிங் வழியா கீழ வந்து சேரற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான் இதை வீட்டு மாடிப்படில நின்னு செஞ்சு பார்த்தேன், வெறும் கண்ணுக்கே லேசா தெரியும், போன்ல ஸ்லோமோஷன் வச்சா பளிச்சுன்னு தெரியும்.

அதே மாதிரி, ஒரு மரம் இவ்வளவு வெயிட்டை எங்கேருந்து எடுக்குதுன்னு கேட்டாரு. மண்ணுல இருந்துன்னுதான் நாமளும் சொல்லுவோம். கட்டையோட பெரும்பகுதி காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடுல இருந்து வருது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு குடிதண்ணி ஏரில 9.6 கோடி கருப்பு பந்து மிதக்குது, எதுக்கு? தண்ணி ஆவியாகாமலிருக்கத்தான்னு எல்லாரும் சொன்னாங்க. போட்ட முதல் காரணம் வேற, தண்ணில இருக்கிற புரோமைடு வெயில் பட்டு புரோமேட்டா மாறக்கூடாது, அது கேன்சர் சமாச்சாரம்.

2021ல ஒரு பந்தயம் நடந்துச்சு. பெரிய காத்தாடி வச்ச ஒரு வண்டி, பிளாக்பேர்டுன்னு பேரு, இன்ஜின் கிடையாது, காத்து அடிக்கிற அதே திசைல காத்தை விட வேகமா போகுதுன்னு வீடியோ போட்டாரு. அமெரிக்காவுல யூசிஎல்ஏங்கிற யூனிவர்சிட்டி பிசிக்ஸ் பேராசிரியர் அலெக்சாண்டர் குசென்கோ, நடக்காதுன்னு 10,000 டாலர் பந்தயம் கட்டினாரு, சாட்சிக்கு நீல் டிகிராஸ் டைசன், பில் நை, ஷான் கேரல், மூணு பேரும் அறிவியலை மக்களுக்கு எடுத்துச் சொல்லிப் பேர் வாங்கினவங்க. காத்து காத்தாடியைச் சுத்துது, காத்தாடி சக்கரத்தை ஓட்டுதுன்னு நினைச்சா குழம்பிடுவோம், இங்க தலைகீழ், சக்கரம்தான் காத்தாடியைச் சுத்துது. பேராசிரியர் தோத்துப் பணத்தைக் கொடுத்துட்டாரு, ஒரு பிசிக்ஸ் பேராசிரியருக்கே அந்த வண்டி தண்ணி காட்டிருச்சுன்னா நமக்கென்ன வெக்கம்.

அதுக்காக அவரு சொன்னதெல்லாம் வேதவாக்குன்னு நான் சொல்ல வரல. அதே வருஷம் ஒரு பல்பு கேள்வி போட்டாரு, மூணு லட்சம் கிலோமீட்டர் நீள வயரு, பல்பு சுவிட்சுக்கு ஒரு மீட்டர் தள்ளி, சுவிட்சைப் போட்டா எவ்வளவு நேரத்துல எரியும்னு. பதில், கண் சிமிட்டறதுக்குள்ள, வயரு முழுக்க சுத்தி வரத் தேவையில்லன்னாரு. எலெக்ட்ரிகல் ஆளுங்க எல்லாம் கொதிச்சுப் போயிட்டாங்க, அந்த முதல் நொடித்துளில வர்ற கரண்டு ரொம்பக் கம்மி, அதை பல்பு எரியுதுன்னு சொல்றதான்னு. அடுத்த வருஷம் கால்டெக்ங்கிற அமெரிக்க யூனிவர்சிட்டில நிஜ வயரு கட்டி அளந்து இன்னொரு வீடியோ போட வேண்டியதாச்சு. டிரைவர் இல்லாத கார் கம்பெனி காசு கொடுத்து எடுத்த வீடியோவுக்கும் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு, அதுல தப்பில்லன்னு என்னால சொல்ல முடியல. தலைப்பை மாத்தி மாத்தி வச்சு ஆளை இழுக்கிற வித்தையையும் மறைக்காம அவரே ஒரு வீடியோவா போட்டுட்டாரு.

நான் என் கிளாஸ்ல இப்ப முதல்ல பசங்களைத் தப்பா சொல்ல விடறேன். போர்டுல அந்தத் தப்பையே எழுதி, அதுக்கு ஆதரவா ரெண்டு பேரைப் பேச வைக்கிறேன். ஒரு மணி நேரம் பறக்கும், சிலபஸ் பாதிதான் ஓடும். போன வாரம் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தான். "சார், நீங்க முன்னாடி எடுப்பீங்களாமே, நோட்ஸ் கொடுத்து, நேரா, அந்த மாதிரியே எடுங்க சார், இது குழப்புது, எங்க அண்ணன் அப்படித்தான் படிச்சான், அவனுக்கு எல்லாமே தெளிவா புரிஞ்சிருக்கு." சரிப்பா, அண்ணன்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வா, மேல போற பந்து மேல என்ன ஃபோர்ஸ்னு. மறுநாள் வந்தான். "கேட்டேன் சார். மேல தள்ளற ஃபோர்ஸாம், போகப் போகக் குறையுமாம்."