கிலி பறந்து வந்தது: ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒரு அம்மா கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். "என் மகளுக்கு ஏழு வயது. வழியில் எந்த நாயைப் பார்த்தாலும், பூனையைப் பார்த்தாலும் தொடப் போய்விடுகிறாள். தெரியாமல் எறும்பை மிதித்துவிட்டால் அழுகிறாள். ராத்திரி உட்கார்ந்து அதையெல்லாம் ஒரு நோட்டில் கதையாக எழுதுகிறாள். நிறைய எழுத்துப் பிழை. போன வாரக் கதையில் ஒரு புறாக்குஞ்சு கடைசியில் செத்துப்போகிறது. இவ்வளவு இளகிய மனது ஆகாது என்று வீட்டில் சொல்கிறார்கள். இந்த இரக்கத்தையும் எழுத்தையும் நான் எப்படி வளர்ப்பது?"

வீட்டில் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். மனதை இறுக்கிக்கொள்ள யாரும் குழந்தைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை, வயது அதைச் செய்துவிடும். எறும்புக்காக அழுகிறாளா, "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "வா, மத்த எறும்பெல்லாம் எங்கே போகுதுன்னு பார்க்கலாம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். அது போதும்.

இரக்கம் ஒன்று, எழுத்து ஒன்று என்று இரண்டு விஷயமாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாகத்தான் படுகிறது. உற்றுப் பார்க்கிற பழக்கம். ஒரு பிராணிக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் அதன்மேல் இரக்கப்பட முடியாது. அது எப்படி நடக்கிறது, எப்படித் திரும்பிப் பார்க்கிறது என்று கவனிக்காமல் அதைப் பற்றி எழுதவும் முடியாது.

எறும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் எறும்பு தரையில் ஒரு வாசனையைத் தடவிக்கொண்டே போகும். பின்னால் வருவதெல்லாம் தலையில் இருக்கும் உணர்கொம்பால் அதைத் தடவிப் பிடித்துக்கொண்டு வரும். அதனால்தான் அந்த வரிசை. ஒரு பையனுக்கு இதைக் காட்டுவதற்காக நான் வரிசையின் குறுக்கே விரலால் ஒரு முறை அழுத்தித் துடைத்தேன். எறும்புகள் அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டன. இப்படியும் அப்படியும் அலைந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று துணிந்து தாண்டியது, அப்புறம் மெதுவாக மறுபடி வரிசை சேர்ந்தது. இன்னொரு தடவை செய்து காட்டலாம் என்று விரலை நீட்டினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம், அதுங்களுக்கு வழி தெரியலை." ஜீவகாருண்யம் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மறுநாள் அவன் எழுதிய கதைக்குப் பெயர் 'வழியைத் தொலைத்த எறும்பு'.

ஆனால் உங்கள் மகள் எந்த நாயையும் தொடப் போகிறாள் என்றீர்களே, அதில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். குழந்தைக்கு அன்பு என்றால் கட்டிப்பிடிப்பது. நாய்க்கு அப்படி இல்லை. கழுத்தைச் சுற்றிக் கை விழுந்தால் பல நாய்களுக்கு அது மாட்டிக்கொண்ட உணர்வுதான். வாலை ஆட்டினால் சந்தோஷம் என்று நாமே தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். உடம்பு விறைத்து நின்றுகொண்டு வாலை மட்டும் ஆட்டும் நாயும் உண்டு, அதன் கிட்டே போகக் கூடாது. காதைப் பின்னால் மடக்குகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, எதுவும் தின்னாமலே உதட்டை நக்குகிறது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறது. இதெல்லாம் "என்னை விட்டுவிடு" என்று அது சொல்வது. இதை அவளிடம் ஒரு ரகசிய மொழி மாதிரி சொல்லிக் கொடுங்கள். தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டியோடு இருக்கும்போதும் எந்த நாய் கிட்டேயும் போகக் கூடாது. வளர்ப்பு நாய் என்றால் வளர்ப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். தெருநாயைத் தொடவே வேண்டாம், தள்ளி நின்று பார்க்கலாம்.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. பிராணிகள்மேல் உயிராக இருக்கும் குழந்தை, கடிபட்டால் மறைக்கும். நாயை அடித்துவிடுவார்கள், தன்னையும் இனி விடமாட்டார்கள் என்ற பயம். அதனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "கடிச்சாலும் பிறாண்டினாலும் உடனே என்கிட்ட சொல்லணும். உன்னையும் திட்டமாட்டேன், நாயையும் யாரும் அடிக்கமாட்டாங்க." அப்படி நடந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். லேசான கீறல்தானே என்று விடக் கூடாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது, ஆனால் நேரத்தில் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் வராமல் தடுத்துவிடலாம்.

கீழே விழுந்து கிடக்கும் பறவைக்குஞ்சும் அப்படித்தான். உடம்பெல்லாம் இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிறது என்றால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்திலேயே எங்கேயாவது இருக்கும். தூக்கிக்கொண்டு வந்து பால் ஊற்றுவது உதவி இல்லை, பறவைக்குப் பால் ஆகாது. தள்ளிப் போய் நின்று, பூனை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இறகே முளைக்காத குஞ்சு, கூடும் கண்ணுக்குத் தெரிகிறது, கையும் எட்டுகிறது என்றால் திரும்ப வைத்துவிடலாம். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. சும்மா நின்று பார்ப்பதும் உதவிதான் என்பது குழந்தைக்கு மட்டுமல்ல, நமக்கே கஷ்டமான பாடம்.

சரி, எழுத்துக்கு வருவோம். 1877ல் இங்கிலாந்தில் 'பிளாக் பியூட்டி' என்று ஒரு நாவல் வந்தது. ஒரு குதிரை தன் கதையைத் தானே சொல்லும். எழுதியவர் அன்னா சூவல். சின்ன வயதில் காலில் அடிபட்டு, அதற்குப் பிறகு சரியாக நடக்க முடியாதவர். வெளியே போக வேண்டுமென்றால் குதிரை வண்டிதான், அப்படித்தான் குதிரைகளை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்தார். அந்தக் காலத்தில் வண்டிக் குதிரையின் தலை கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று ஒரு வாரைப் போட்டு மேலே இழுத்துக் கட்டுவார்கள். குதிரைக்கு அது நரகம். படித்தவர்கள் பலருக்கு அந்த வலி உறைத்தது, அந்த வாருக்கு எதிரான குரலும் வலுத்தது. நான் இதைச் சொல்லவந்தது வேறு காரணத்துக்காக. சூவல் எழுதும்போது படுத்த படுக்கை. துண்டுக் காகிதங்களில் பென்சிலால் எழுதுவார், முடியாதபோது வாயால் சொல்வார். அதையெல்லாம் நல்லபடியாக எழுதி எடுத்தது அவருடைய அம்மா.

உங்களுக்கும் அந்த வேலைதான். ஏழு வயதில் கதை வேகமாக வரும், கை மெதுவாகத்தான் வரும். கை வலித்து அவள் கதையைச் சுருக்கிவிடுவாள். வாரத்தில் ஒரு நாள் "நீ சொல்லு, நான் எழுதறேன்" என்று உட்காருங்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள். அழகுபடுத்தாதீர்கள். "பூனை கோபமா உட்கார்ந்துச்சு" என்றால் அதுதான் வாக்கியம், நீங்கள் அதில் 'சினம்' கொண்டுவர வேண்டாம்.

எழுத்துப் பிழை விஷயத்தில் நானே சூடு பட்டவன். ஒரு குழந்தை ஆசையாகக் கதை கொண்டுவந்து நீட்டியது. நான் 'எரும்பு' என்பதை அடித்து 'எறும்பு' என்று போட்டுக் கொடுத்தேன். பக்கம் முழுக்க எறும்புதான், பக்கம் முழுக்க என் சிவப்பு மை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் எந்தக் கதையும் என்னிடம் வரவில்லை. அப்புறம் இன்னொரு குழந்தை "ஜன்னல் வழியாக ஒரு கிலி பறந்து வந்தது" என்று எழுதியபோது கொஞ்சம் உஷாராகிவிட்டேன். கிலி என்றால் பயம் என்று மட்டும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தது. பயம் எப்படிப் பறக்கும், அதற்கு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே போய் இன்னொரு கதையே வந்துவிட்டது. கிளிக்கு எந்த 'ளி' என்று அதற்குப் பிறகு அது மறக்கவே இல்லை. கதை எழுதும் நோட்டில் திருத்தாதீர்கள். எந்தச் சொல் திரும்பத் திரும்பத் தப்பாக வருகிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, வேறொரு நாள், வேறொரு தாளில் பார்த்துக்கொள்ளலாம்.

கதையைப் படித்துவிட்டு "சூப்பர்" என்று மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கேள்வி கேளுங்கள். அந்தப் பூனைக்கு மழை பிடிக்குமா? அது நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் நாற்காலி எப்படித் தெரியும்? நாய் கதை சொல்கிறது என்றால் அது நிறத்தைவிட வாசனையைத்தானே அதிகம் சொல்லும்? "இந்தக் கதையோட நீதி என்ன" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

தமிழில் இதற்கு ஒரு புதையலே இருக்கிறது. காகம் கரையும், மயில் அகவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும், வண்டு முரலும். தேர்வுக்கு மனப்பாடம் செய்தால் இது வேப்பங்காய். கதைக்கு நடுவில் "குதிரை கத்தியது" என்று அவள் எழுதும்போது மெதுவாக ஒன்றை எடுத்துக் கொடுத்தால் அவளே கனைத்துக் காட்டுவாள். தொல்காப்பியத்தில் மரபியல் என்ற இயல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைக்கு மட்டும் 9 பெயர் சொல்கிறது. அணிலை நாம் அணிற்பிள்ளை என்றும் சொல்கிறோமே, இந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள், அவள் முகத்தை அப்புறம் பாருங்கள்.

கடைசியாக அந்தப் புறாக்குஞ்சு. பயப்படாதீர்கள். எங்கேயோ ஒரு செத்த பறவையைப் பார்த்திருப்பாள், அது மனதில் கிடந்து கதையாக வந்திருக்கிறது. முடிவை மாற்றச் சொல்ல வேண்டாம். "தூங்குது", "சாமிகிட்ட போயிடுச்சு" என்றும் சுற்றி வளைக்க வேண்டாம். தூங்குது என்று சொல்லிவிட்டு ராத்திரி அவளைத் தூங்கப் போ என்றால் அவள் என்ன நினைப்பாள்? "செத்துப்போச்சு, இனி அது எழுந்திருக்காது, எனக்கும் கஷ்டமா இருக்கு" என்று சொல்லலாம். அம்மாப் புறா அப்புறம் என்ன செய்தது என்று கேட்கலாம். பதில் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எல்லாக் கதையிலும் சாவே வருகிறது, சாப்பாடு தூக்கம் குறைகிறது, விளையாடப் பிடிக்கவில்லை என்றால் அது வேறு, அப்போது ஒரு குழந்தைநல மருத்துவரிடம் பேசுங்கள். ஒரு புறாவுக்கு அது வேண்டாம்.

நோட்டை உறவினர்களுக்குக் காட்டுவது, போட்டிக்கு அனுப்புவது எல்லாம் அவளைக் கேட்டுவிட்டுத்தான். நீங்கள் அதில் எழுத வேண்டியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கதைக்கும் கீழே, மூலையில், சின்னதாக அன்றைய தேதி.