சாட்சி சொல்ல யார் வருவது?

(கொடைக்கானலில் நண்பர்கள் கூட்டிய மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நீதிமன்றங்களைத் தாக்குகிற தீவிரவாதம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு நண்பர், "அதுக்கும் நம்ம மலைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. கசப்பான சம்பந்தம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பிரேசில். 2023 ஜனவரி 8. தேர்தலில் தோற்ற முன்னாள் அதிபர் பொல்சனாரோவின் ஆதரவாளர்கள் தலைநகரில் நாடாளுமன்றம், அதிபர் மாளிகை, உச்ச நீதிமன்றம் மூன்றுக்குள்ளும் புகுந்தார்கள். நீதிமன்றத்தின் உள்ளே நாற்காலி, கண்ணாடி எதையும் விட்டுவைக்கவில்லை. மறுநாள் இரவு அதிபர் லூலாவும் மாநில ஆளுநர்களும் சதுக்கத்தைக் கடந்து நீதிமன்றம் வரை நடந்தே போனார்கள். ஆளுநர்களில் எதிர்க்கட்சிக்காரர்களும் உண்டு. சாவ் பாவ்லோவில் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். பிப்ரவரி 1 அன்று அதே மண்டபத்தில் நீதிபதிகள் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததில் எனக்குச் சின்ன நெருடல் உண்டு. தாக்கியவர்களை விசாரித்ததும் தாக்கப்பட்ட அதே நீதிமன்றம்தான். வாசலில் இருக்கும் நீதிச் சிலையில் லிப்ஸ்டிக்கால் எழுதிய ஒரு பெண்ணுக்கு 14 ஆண்டு சிறை. தண்டனை அந்த எழுத்துக்கு மட்டும் இல்லை, ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி உட்பட ஐந்து குற்றங்களுக்கு. ஆனாலும் அந்த நாட்டிலேயே பலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கலாம். தீர்ப்பைக் குறை சொல்வது தாக்குதல் ஆகாது. நாமே, மலைக்கு வண்டியில் வர இ-பாஸ் வேண்டும் என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்த 2024 மே மாதம் முழுக்க உயர் நீதிமன்றத்தைத் திட்டிக்கொண்டுதானே இருந்தோம்? (சிரிப்பு)

கொலம்பியாவில் கதை வேறு. 1985 நவம்பர் 6 அன்று எம்-19 என்கிற ஆயுதக் குழுவின் கெரில்லாக்கள் உச்ச நீதிமன்றம் இருந்த நீதி மாளிகையைக் கைப்பற்றினார்கள். நாட்டின் அதிபரை அங்கேயே வைத்து விசாரிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. உச்ச நீதிமன்றத் தலைவர் ரெயஸ் எச்சாந்தியா உள்ளே பணயக் கைதி. சுடுவதை நிறுத்தச் சொல்லி அவர் கெஞ்சிய குரல் வானொலியில் நாடு முழுக்கக் கேட்டது. அதிபர் அவரோடு பேசவே இல்லை. ராணுவம் கவச வண்டிகளோடு வாசலை உடைத்துக்கொண்டு போனது. கட்டடம் எரிந்தது. சுமார் நூறு பேர் செத்தார்கள்; அதில் 11 பேர் உச்ச நீதிமன்ற நீதிபதிகள், தலைவரும் சேர்த்து. அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் கால்பந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கேன்டீனில் வேலை பார்த்தவர்களில் சிலர் உயிரோடு வெளியே வந்தும் வீடு திரும்பவில்லை. கொண்டுபோனது ராணுவம். அதற்கு அரசுதான் பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் சொல்ல 2014 ஆகிவிட்டது. நீதிமன்றத்தைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்புகிறவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இதைவிட மோசமான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, இத்தாலிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

1976-இல் டூரின் நகரத்தில் ரெட் பிரிகேட்ஸ் (செம்படைப் பிரிவு) என்கிற ஆயுதக் குழுவின் தலைவர்கள்மேல் விசாரணை தொடங்கியது. கூண்டில் நின்றவர்கள் சொன்னது இதுதான்: இந்த நீதிமன்றத்தை ஏற்க மாட்டோம், எங்களுக்கு வக்கீல் வேண்டாம், எங்களுக்காக ஆஜராக வருகிறவனும் எதிரிதான். அந்த நாட்டுச் சட்டப்படி வக்கீல் இல்லாமல் விசாரணை நடத்த முடியாது. அதனால் நகர வக்கீல் சங்கத் தலைவர் ஃபுல்வியோ குரோச்சே, எழுபதைத் தாண்டிய மனிதர், அந்தப் பொறுப்பை ஏற்றார். தன்னை வேண்டாம் என்றவர்களுக்காக நிற்கச் சம்மதித்தார். 1977 ஏப்ரல் 28 அன்று அவருடைய அலுவலகம் இருந்த கட்டடத்திலேயே அந்தக் குழுவினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அடுத்து ஜூரி. சாதாரணக் குடிமக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து நீதிபதிகளோடு உட்கார வைப்பது அங்கே வழக்கம். பெயர் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வியாதி, மனச்சோர்வு! ஜூரி சேராததால் விசாரணையே தள்ளிப்போனது. அவர்களைக் கோழைகள் என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது நோபல் பரிசு பெற்ற கவிஞர் மொந்தாலேயிடம், நீங்களாக இருந்தால் போயிருப்பீர்களா என்று கேட்டார்கள். போயிருக்க மாட்டேன், எல்லோரையும் போல நானும் பயந்திருப்பேன் என்றார். நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. எனக்கு அந்தக் கிழவரின் பதில் பிடிக்கும். பயமே இல்லாத மாதிரி மேடையில் பேசுவது சுலபம், நானும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

1978 மார்ச்சில் மறுபடி குலுக்கினார்கள். அதெலைத் அக்லியெத்தா என்கிற பெண்ணின் பெயர் வந்தது. ராடிக்கல் கட்சி என்ற சின்னக் கட்சியின் செயலாளர். அரசாங்கத்தையும் விமர்சிப்பவர், ஆயுதக் குழுவையும் எதிர்ப்பவர். அவர் சரி என்றார். ஜூரி நிரம்பியது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச் 16 அன்று, முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவை அதே குழுவினர் ரோமில் கடத்தினார்கள். மெய்க்காவலர் ஐந்து பேர் செத்தார்கள். 55 நாள் கழித்து ஒரு காரில் மோரோவின் உடல் கிடைத்தது. அத்தனைக்கும் நடுவில் டூரினில் கோர்ட் நடந்தது. ஜூன் 23 அன்று தீர்ப்பு. பலருக்குச் சிறை, சிலருக்கு விடுதலை. அந்த விடுதலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அவ்வளவு கோபத்திலும், ஆதாரம் இல்லாதவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது நம் ஊர்.

இங்கே ஏரியையும் பள்ளத்தாக்கையும் பார்த்து ஹோட்டல் கட்டுவதில் எவ்வளவு தகராறு நடந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு விதிகளைத் தளர்த்திக் கூடுதல் மாடிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். பழனிமலைப் பாதுகாப்புக் குழு அதை எதிர்த்து வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் அந்த மாடிகளுக்கு எதிராகச் சொன்னது. 1995-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பிறகு அந்த அனுமதி தொடர்பான குற்ற வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுத் தண்டனை விதித்தது. மாநிலம் முழுக்க மறியல், கல்வீச்சு. தர்மபுரி பக்கம் இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பஸ்ஸுக்கு அவருடைய கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். கல்விச் சுற்றுலா போய்க்கொண்டிருந்த மாணவிகளில் மூன்று பேர் எரிந்து செத்தார்கள்.

நம் மலையில் முளைத்த மாடிகளுக்காக, இந்த மலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மூன்று பெண்கள். தீர்ப்பு தவறு என்று நினைத்தால் அப்பீல் இருக்கிறது. ஜெயலலிதா அப்பீலுக்குப் போனார், 2001-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த வழி தீ வைத்தவர்களுக்கும் தெரிந்ததுதான்.

வெடிகுண்டு வைப்பதைத்தான் தீவிரவாதம் என்போம், கட்சிக்காரன் பஸ்ஸைக் கொளுத்தினால் உணர்ச்சிவசப்பட்டான் என்போம். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் யாரையாவது சாகடிக்கலாம் என்று நினைப்பதில் இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2016-இல் மைசூர் கோர்ட் வளாகக் கழிப்பறையில் குண்டு வெடித்த வழக்கில் தண்டனை பெற்றவர்கள் மதுரைப் பையன்கள். மலையிறங்கினால் மதுரை. தூரத்து விவகாரம் என்று ஒதுக்க முடியாது. 2011-இல் டெல்லி உயர் நீதிமன்ற ஐந்தாம் வாசலில் குண்டு வெடித்தபோது மாட்டியதும் பாஸ் வாங்க வரிசையில் நின்ற ஜனங்கள்தான்.

தர்மபுரி வழக்குக்கு வருகிறேன். முதல் விசாரணையில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்சாட்சி ஆனார்கள். பார்க்கவில்லை, தெரியாது, ஞாபகம் இல்லை. டூரினில் டாக்டர் சர்டிபிகேட், இங்கே ஞாபக மறதி. வழக்கு அப்படியே முடிந்திருக்கும். செத்துப்போன மாணவி ஒருவரின் அப்பா உயர் நீதிமன்றம் போனார். வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு முதலிலிருந்து விசாரிக்கப்பட்டது. அந்தப் பஸ்ஸில் வந்த ஆசிரியைகள் கூண்டில் ஏறிச் சொன்னார்கள். 2007-இல் தண்டனை வந்தது. மூவருக்கு விதித்த தூக்கை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது, 2018-இல் அவர்கள் வெளியே வந்தார்கள். வெளியே விட்டது சரியா என்று உங்களுக்குள் சண்டை வரும், எனக்குள்ளேயே வருகிறது.

நீதிமன்றத்துக்கு ஆதரவாக ஊர்வலம் போவது நல்லதுதான், தப்பில்லை. ஆனால் சம்மன் வரும்போது போய் நின்று கண்டதைச் சொல்ல ஆள் இல்லையென்றால் வாசலில் எத்தனை போலீஸ் நின்று என்ன பிரயோஜனம்? நம் ஊரில் அதற்குக் குண்டே தேவையில்லை. பூம்பாறையில் பூண்டு உரிக்கிற ஒருவர், அன்றைய கூலியை விட்டுவிட்டுத் திண்டுக்கல் வரை இறங்கிப் போகிறார். போனால் வாய்தா. மூன்று முறை வாய்தா போட்டால் நான்காவது முறை அவருக்கும் ஞாபகம் போய்விடும். இந்தக் குற்றம் தீவிரவாதிகளுடையது இல்லை, கோர்ட்டுகளுடையது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

(கூட்டத்தில் ஒருவர்: சாட்சி சொல்லிட்டு ஊருக்குள்ள எப்படிங்கய்யா இருக்கறது?)

நியாயமான கேள்விங்க. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்று, நாடு முழுக்கச் சட்டம் போலவே செல்லும் என்று சொல்லியிருக்கிறது. மிரட்டல் இருக்கிறவர் மாவட்ட அளவில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதைப் பார்க்கும். ஆபத்து எவ்வளவு என்று ஐந்து வேலை நாளில் போலீஸ் அறிக்கை தர வேண்டும். வீட்டுக்குக் காவல், போன் நம்பர் மாற்றம், கோர்ட்டுக்குப் போய்வர வண்டி, குற்றவாளியின் முகத்துக்கு நேரே நிற்காமல் சாட்சி சொல்ல ஏற்பாடு எல்லாம் அதில் உண்டு. இது காகிதத்தில்தானே என்பீர்கள். கேட்காதவரை காகிதம்தான். தனியாக எழுதத் தெரியாது என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். உங்களிடம் வந்த சம்மனையும் கையோடு எடுத்துப் போங்கள், தேதி அதில்தான் இருக்கும்.