முன்பணத்துக்கு யார் பொறுப்பு?

அவைத் தலைவர் அவர்களே, ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களே, வணக்கம்.

சீன மாணவர்களை ஆங்கிலம் படிக்க வெளிநாட்டுக்கு ஈர்ப்பது எப்படி என்ற பேச்சு எழும்போதெல்லாம், விளம்பரத்தையும் முகவர்களுக்குத் தரும் கமிஷனையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மகன் வகுப்பில் உட்காரும் முன்பே பெற்றோர் கட்டிவிடும் பணத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் முதல் கேள்வி என்பேன். ஆஸ்திரேலியா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

வெளிநாட்டு மாணவர்கள் முழுக் கட்டணம் செலுத்திப் படிக்க அந்நாடு 1985இல் வழி திறந்தது. சில ஆண்டுகளுக்குள் சிட்னியிலும் மெல்போர்னிலும் தனியார் ஆங்கிலப் பள்ளிகள் பெருகின. விசா வேண்டுமானால் கட்டணத்தை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். சீன நகர ஊழியரின் சராசரி மாதச் சம்பளம் 150 யுவானைக்கூட எட்டாத 1988இல், ஷாங்காய் இளைஞர்கள் அந்தத் தொகையை உற்றார் உறவினரிடம் கடன் வாங்கித்தான் திரட்டினார்கள். வந்தவர்களில் பலருக்கு வகுப்பைவிட வேலைதான் பெரிதாக இருந்தது. தலைக்கு மேல் கடன் இருக்கும்போது அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அது தெரிந்தே இடம் கொடுத்த பள்ளிகளைத்தான் சொல்ல வேண்டும்.

1989 ஜூனில், ஜனநாயகம் கேட்டுப் போராடிய மாணவர்களையும் மக்களையும் சீன ராணுவம் பெய்ஜிங்கில் சுட்டுக் கொன்ற தியானன்மென் படுகொலை நடந்தது. ஏற்கெனவே ஆஸ்திரேலியாவில் இருந்த சீன மாணவர்களைத் திருப்பி அனுப்பமாட்டோம் என்று பிரதமர் பாப் ஹாக் உறுதியளித்தார். பின்னாளில் குடும்பத்தினரையும் சேர்த்து ஏறத்தாழ 42,000 பேருக்கு நிரந்தர வாழ்வுரிமை கிடைத்தது. சீனாவில் காத்திருந்தவர்களின் கதை வேறு. விசா விதிகள் இறுகியதால் வர முடியாமல் போனவர்கள் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அதை முன்பே செலவழித்துவிட்ட பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியில் அரசே பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டியதாயிற்று. 1991இல் வந்த சட்டம் மாணவர் கட்டணத்தைத் தனிக் கணக்கில் பாதுகாக்கச் சொன்னது. 2012 முதல் இயங்கும் கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, பள்ளி மூடப்பட்டால் மாணவருக்கு வேறு பள்ளியில் இடமோ, பயன்படாத கட்டணமோ கிடைக்கும். ஒற்றைப் பிள்ளையின் படிப்புக்குச் சேமிப்பையெல்லாம் எடுத்து வைக்கும் பெற்றோரிடம் எந்த வண்ணக் கையேட்டையும்விட இது எடுபடும்.

அடுத்தது வகுப்பறை. ஆங்கில வகுப்பொன்றில் 18 மாணவருக்கு மேல் கூடாது, வாரம் 20 மணி நேரமாவது பாடம் நடக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. பள்ளியில் ஆண்டுக்கணக்காக ஆங்கிலம் படித்து, காவ்காவ் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தும் வாய் திறந்து பேசத் தயங்கும் சீன மாணவருக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரும் சீனர்களாகவே அமைந்துவிட்டால் இடைவேளையில் ஆங்கிலம் காதில் விழாது. அதனால் சீனாவில் மட்டும் வலை வீசும் பள்ளி, சீனப் பெற்றோருக்கே பிடிக்காமல் போகும்.

இப்படிக் கட்டிய நம்பிக்கையை ஆஸ்திரேலிய அரசே இப்போது சோதிக்கிறது. 2024 ஜூலையில் 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600 டாலராக உயர்ந்த மாணவர் விசா கட்டணம், அடுத்த ஆண்டு 2,000 ஆனது. விசா மறுக்கப்பட்டால் இந்தத் தொகை திரும்பி வராது. ஆறு மாத ஆங்கிலப் படிப்புக்கும் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கும் ஒரே கட்டணம் என்றால், சுற்றுலா விசாவில் அனுமதிக்கப்படும் மூன்று மாதப் படிப்போடு பலர் நின்றுவிடத்தான் செய்வார்கள்.