செவலை குடித்துவிட்டாள்! அப்புறம் அந்த 125 டாலர் கேள்வி

வணக்கம் மக்களே! நான் தத்தெடுத்த காட்டுக் குதிரை செவலை, வாளியில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டாள். இதைச் சொல்லத்தான் குளிக்கக்கூடச் செய்யாமல் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். தலையில் தெரிவது நரை இல்லை, நெவாடா புழுதி.

போன வீடியோவில் சொன்ன பயணம்தான். நெவாடாவின் ஃபாலன் ஊரிலிருந்து கிழக்கே, போனி எக்ஸ்பிரஸ் என்ற பழைய குதிரைத் தபால் தடத்தில். 1860-ல் தபால் சுமந்தவர்களுக்குப் பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு நிலையம், அங்கே தபால் பையை மாற்றிப் போட்டுக்கொள்ள புதுக் குதிரை. எனக்கு இருப்பது ஒரே செவலை, அதனால் ஓட்டமெல்லாம் கிடையாது, நடைதான், ஏற்றம் வந்தால் நான் இறங்கிக் கூடவே நடப்பேன். சாண்ட் ஸ்பிரிங்ஸ் நிலையத்தின் கல்சுவர்கள் இன்னும் நிற்கின்றன. மணலுக்குள் புதைந்து கிடந்ததை 1970-களில் தோண்டியெடுத்தார்கள். பக்கத்திலேயே 600 அடி உயர மணல்குன்று. வீட்டுக்காரர் பிக்கப்பில் தண்ணீரோடு அங்கே வந்து காத்திருந்தார்.

அங்கேதான் ஆரம்பித்தது. மடித்து வைக்கிற நீல வாளி, 38 டாலர், விமர்சனமெல்லாம் படித்து வாங்கியது. செவலை அதைப் பார்த்தாள், மூக்கால் ஒரு புர்ர், காது இரண்டும் பின்னால் போய்விட்டன. இன்னும் நாலடி பின்வாங்கினாள். வீட்டில் இருக்கும் இரும்புத் தொட்டிக்கே பழக நாளானது. காட்டில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் தரையில் கிடக்க வேண்டும், காற்றில் ஆடுகிற நீலத் துணிக்குள் ஏன் இருக்கிறது என்று சந்தேகம் வரத்தானே செய்யும். சாதாரண நாளிலேயே ஒரு குதிரைக்கு ஐந்திலிருந்து பத்து காலன் தண்ணீர் வேண்டும், அன்றைக்கு வெயில் வேறு. கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், உடனே படியாமல் மெதுவாகப் படிந்தது. அது நல்ல அறிகுறி இல்லை.

அப்புறம் வீட்டுக்காரரிடம் மண்வெட்டியை வாங்கி மணலில் குழி தோண்டி, வாளியின் விளிம்பு தரைமட்டத்துக்கு வருகிற மாதிரி இறக்கினேன். உள்ளே ஒரு கை அல்ஃபால்ஃபா, அதாவது குதிரைமசால் தீவன வில்லை. அது ஊறிப் பச்சையாகக் கலங்கி, குட்டைத் தண்ணீர் வாசம் வந்தது. முதலில் உதட்டால் தொட்டாள். பிறகு மடக் மடக்கென்று, ஒவ்வொரு வாயும் தொண்டையில் உருண்டு இறங்குவது தெரிந்தது. நான் கத்திய கத்தலில் வீட்டுக்காரர் பாம்பு என்று நினைத்துவிட்டார்!

சரி, கமெண்டுக்கு வருகிறேன். "அக்கா, 125 டாலருக்குக் குதிரையா, எனக்கும் ஒன்று" என்று எத்தனை பேர்! மக்களே, 125 என்பது அரசு நில நிர்வாகத் துறையிடம் காட்டுக் குதிரையைத் தத்தெடுக்கக் கட்டுகிற குறைந்தபட்சக் கட்டணம். பழக்கப்படாத பெரிய குதிரை என்றால் ஆறடி உயர வேலி போட்ட பட்டி கட்டிவிட்டுத்தான் கூட்டிவரவே முடியும். வேலிக்கு நான் கொடுத்த காசைச் சொன்னால் வீட்டுக்காரருக்கு மறுபடி தலைவலி வரும். அது போதாதென்று இந்த மாதிரிப் பயணத்துக்குக் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற காய்ந்த புல்தான் கொண்டுபோக வேண்டும், சாணியோடு வேற்றுக் களை பரவக்கூடாது என்று. அந்தக் கட்டு சாதாரணக் கட்டைவிட விலை ஜாஸ்தி. விதி நியாயம், விலைதான் அநியாயம்.

மலிவாகக் கொடுப்பதும் எனக்குப் பிடிக்காத விஷயம். 2019-ல் இன்னும் ஒரு படி மேலே போய், தத்தெடுப்பவருக்கு ஒரு குதிரைக்கு 1000 டாலர் கையில் கொடுக்கிற திட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷம் ஆனதும் குதிரை சொந்தமாகிவிடும், சிலர் பணத்தை வாங்கிக்கொண்டு ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். அந்த ஏலங்களில் இறைச்சிக்கு வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். 2021-ல் பத்திரிகையில் வந்து நாறிய பிறகு விதிகளை இறுக்கினார்கள், 2025-ல் நீதிமன்றமே திட்டத்தை ரத்து செய்தது. நல்ல வேளை.

காட்டுக் குதிரைகள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிற பிரச்சினை உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. அரசு வைத்திருக்கும் இலக்கு சுமார் 26,000, மேற்கு மாநிலங்களில் குதிரையும் காட்டுக் கழுதையும் சேர்த்து 70,000-க்கு மேல் இருக்கின்றன, அதில் பாதியளவு எங்கள் நெவாடாவில். ஆனால் அவற்றைப் பிடிக்க ஹெலிகாப்டரில் துரத்துவது எனக்கு ஆகவே ஆகாது. மைல்கணக்கில் விரட்டிக்கொண்டு வந்து, பொறியின் வாயில் பழக்கிய ஒரு குதிரையை அவிழ்த்துவிடுவார்கள். அது நேராக உள்ளே ஓடும், மிரண்ட கூட்டம் அதன் பின்னாலேயே போய் மாட்டிக்கொள்ளும். இதே நெவாடாவின் ரீனோ நகரில் அலுவலகச் செயலாளராக இருந்த வெல்மா ஜான்ஸ்டன் போராடித்தான் மோட்டார் வண்டியில் துரத்திப் பிடிப்பதற்கு 1959-ல் தடை வந்தது, 1971-ல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 1976-ல் சட்டத்தைத் திருத்தி ஹெலிகாப்டரை உள்ளே விட்டார்கள்!

கருத்தடை ஊசி போடலாமே. ரீனோ பக்கத்து வர்ஜீனியா மலைத்தொடரில் தன்னார்வலர்கள் போடுகிறார்கள், துப்பாக்கியிலிருந்து ஈட்டி ஊசி, முதலில் ஒன்று, சில வாரத்தில் இன்னொன்று, அப்புறம் வருஷா வருஷம். எந்தக் குதிரைக்குப் போட்டோம் என்று நெற்றிச் சுட்டியையும் காலின் வெள்ளையையும் வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் தெரிய வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் யாருக்கும் கால் ஒடியாது.

அட, மறந்துவிட்டேன், காட்டுக் குதிரைக்கு அரசு போடுகிற கழுத்து முத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதோ, இடது பக்கம், பிடரிக்குக் கீழே. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த அச்சு, அந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். இந்தக் கோணல் கோடுகள் எல்லாம் எண்கள். மேலும் கீழுமாக இருக்கிற இரண்டும் பிறந்த வருஷம், 1, 8, அதாவது 2018. அதன் பிறகு வருவது இவளுடைய பதிவு எண்.

கடைசியாக, "ஒரு ரவுண்டு தருவீங்களா" கோஷ்டிக்கு. குதிரை எடையில் இருபது சதவீதத்துக்கு மேல் முதுகில் ஏற்றக்கூடாது என்பது என் கணக்கு. செவலை 390 கிலோ, அப்படியென்றால் 78. சேணம், பைகள் எல்லாம் சேர்த்து 18 போய்விடும். மிச்சம் அறுபது கிலோ. பண்டிகைப் பலகாரம் சாப்பிட்ட மாதத்தில் நானே இறங்கி நடக்கிறேன், நீங்கள் முதலில் எடை மெஷினில் ஏறிவிட்டு வாருங்கள்.