நான் வெட்டிய கடைசிப் பத்தி

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். எழுத்து, உடல்நலம், இசை மூன்றிலும் கால் பதித்த ஒரு பத்திரிகையாளரைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். அழைத்தவர் மனத்தில் நம்மூர் ஆள் யாராவது இருந்திருக்கலாம். நான் பேசப்போவது நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றி. 1915இல் நியூ ஜெர்சியில் பிறந்து 1990இல் இறந்தவர். அவரிடம் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் துணை ஆசிரியராக இருந்தேன். உடல்நலப் பக்கம் என் பொறுப்பு. ஒரு வாரம் பக்கத்தின் மூலையில் பெட்டிச் செய்தி அளவுக்கு இடம் காலியாகிவிட்டது. கையில் இருந்த ஆங்கிலக் கட்டுரை ஒன்றைச் சுருக்கி, ‘சிரித்தே நோயை விரட்டினார்!’ என்று ஆச்சரியக்குறியோடு தலைப்புப் போட்டு அனுப்பினேன். அந்தச் செய்தியின் நாயகர்தான் கசின்ஸ். கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஏதோ எச்சரிக்கை மாதிரி இருந்தது. இடம் போதவில்லை, வெட்டிவிட்டேன். டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவோம்.

பத்து நாள் கழித்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார், உடம்பு மொத்தமும் திரும்பும். முதுகெலும்பு மூட்டுகள் ஒன்றோடொன்று இறுகிப்போகும் நோய். சட்டைப் பையிலிருந்து என் பெட்டிச் செய்தியை எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். “தம்பி, அவரு பார்த்த படம் எது? கேசட் எங்க கிடைக்கும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூலக் கட்டுரையைத் தேடினால் அதுவும் குப்பைக்குப் போயிருந்தது. “நாகேஷ் படம் பாருங்கண்ணே” என்று சொல்லி அனுப்பினேன். என்ன ஒரு பதில்!

அதற்கப்புறம்தான் கசின்ஸ் எழுதியதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. சின்ன வயதில், பத்து பதினோரு வயதிருக்கும், காசநோய் என்று தவறாகக் கணித்து ஒரு சானடோரியத்தில் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்த பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்ததை அவர் கவனித்திருக்கிறார். பிழைத்து வீட்டுக்குப் போவோம் என்று நம்பியவர்கள் ஒரு கூட்டம், அவ்வளவுதான் என்று கைவிட்டவர்கள் இன்னொரு கூட்டம். புதிதாக வரும் பையனை எப்படியாவது முதல் கூட்டத்தில் சேர்த்துவிட அவரும் நண்பர்களும் பாடுபட்டார்களாம். அவர் சேகரித்த முதல் செய்தி இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

1934இல் நியூயார்க்கில் ஒரு மாலைப் பத்திரிகையில் கல்விச் செய்தியாளராகச் சேர்ந்தார். 1940இல் ‘சாட்டர்டே ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சர்’ வார இதழுக்கு வந்தார், 1942இல் அதன் ஆசிரியரானார். அப்போது அது சுமார் 20,000 பிரதி விற்ற புத்தக மதிப்புரை இதழ். அவர் காலத்தில் 6,50,000 வரை போனது. நாவலும் கவிதையும் மட்டும் போதாது என்று நினைத்தார். அறிவியல் வந்தது, பயணம் வந்தது, இசைத்தட்டு விமர்சனத்துக்கென்றே தனிப் பகுதி வந்தது. ஒரு பக்கத்திலேயே நீண்ட நேரம் பாடும் எல்.பி. இசைத்தட்டு 1948இல்தான் சந்தைக்கு வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். சரியான நேரத்தில் சரியான பக்கம் ஒதுக்கத் தெரிந்த ஆசிரியர். 1952இல் இதழின் பெயரிலிருந்து ‘லிட்டரேச்சர்’ உதிர்ந்தே போனது. இலக்கியக்காரர்கள் சிலர் முகம் சுளித்திருப்பார்கள், அது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த செய்தி வந்த இரவே தலையங்கம் எழுத உட்கார்ந்தார். தலையங்கம் எழுதியதோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். இவர் ஹிரோஷிமாவுக்கே போனார். குண்டில் முகமும் கையும் வெந்து உருக்குலைந்த 25 இளம்பெண்களை 1955இல் நியூயார்க்குக்கு வரவழைத்து மவுன்ட் சினாய் மருத்துவமனையில் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அந்தப் பெண்களுக்காக ஓடியாடிய டாக்டர்களில் ஒருவர் வில்லியம் ஹிட்ஸிக். இந்தப் பெயர் திரும்ப வரும். அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கும் நடுவே தூது போனது, நேருவோடு பேசி 1951இல் புத்தகம் போட்டது என்று சொல்லிக்கொண்டே போகலாம். வேண்டாம், நோய்க்கு வருவோம்.

1964 ஆகஸ்ட். மாஸ்கோ போய்த் திரும்பியவருக்கு லேசான காய்ச்சல். ஒரு வாரத்துக்குள் கழுத்து, கை, விரல், கால் எதையும் அசைக்க முடியவில்லை. உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எண் 80இல் ஆரம்பித்து 115க்கு ஏறியது. நம் வீடுகளில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த எண்ணின் கனம் புரியும். என்னைப் பார்க்க வந்தாரே, அவருக்கு இருந்த ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்தான் இவருக்கும் என்றார்கள். முழுசாகக் குணமாவது ஐந்நூறில் ஒருவருக்குத்தான் என்றார் ஒரு நிபுணர்.

அந்தப் படுக்கையில் அவர் செய்ததைப் படித்தால் நிருபர் வேலை மாதிரியே இருக்கும். ஒரே நாளில் நான்கு பரிசோதனைக் கூடங்களிலிருந்து நான்கு பேர் தனித்தனியாக வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். மறுநாள் அறைக் கதவில் ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டச் சொன்னார்: மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் ரத்தம் தருவேன், எல்லோரும் அதிலிருந்தே பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று. தினம் எத்தனை மாத்திரை விழுங்குகிறோம் என்று எண்ணிப் பார்த்தார். 26 ஆஸ்பிரின், 12 ஃபினைல்பியூட்டசோன் என்ற மூட்டுவலி மாத்திரை. இவை என்ன செய்யும் என்று மருத்துவ ஏடுகளைப் புரட்டினார். மன அழுத்தம் உடம்பை எப்படிக் கெடுக்கிறது என்று ஹான்ஸ் செல்யே எழுதியதை முன்பே படித்திருந்தார். எரிச்சலும் ஏமாற்றமும் உடம்பைக் கெடுக்குமானால் சந்தோஷம் ஏதாவது நல்லது செய்யாதா என்ற கேள்வி அங்கிருந்து வந்தது.

இதையெல்லாம் யாரிடம் கொண்டுபோனார்? ஹிட்ஸிக்கிடம். ஹிரோஷிமா பெண்களோடு நின்ற அதே டாக்டர்தான் இவருடைய சொந்த டாக்டர், பல வருஷ நண்பர். என் பெட்டிச் செய்தியில் இந்த மனிதர் இல்லவே இல்லை. டாக்டரை உதறிவிட்டுத் தனியாகச் சிரித்துக் குணமானவர் என்ற தோற்றம் அதனால்தான் வந்தது. உண்மையில் ஒவ்வொரு படியிலும் டாக்டர் பக்கத்தில் இருந்தார். மாத்திரையை நிறுத்தியது அவர் சம்மதத்தோடு. வைட்டமின் சி-யை ட்ரிப்ஸில் ஏற்றினார்கள், 10 கிராமில் தொடங்கி 25 கிராம் வரை. (வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம், சிறுநீரகக் கல் வந்தாலும் வரும்.)

சினிமாவும் வந்தது. தெரியாமல் மாட்டிக்கொள்ளும் ஆட்களைப் படம்பிடித்துச் சிரிக்க வைக்கும் ‘கேண்டிட் கேமரா’ நிகழ்ச்சியின் படச்சுருள்கள், மார்க்ஸ் சகோதரர்களின் பழைய நகைச்சுவைப் படங்கள். கேசட் கேட்டு வந்தவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. நர்ஸ் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு புரொஜெக்டரை ஓட்டுவார். பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் வலியில்லாமல் இரண்டு மணி நேரம் தூங்க முடிந்தது. எழுந்ததும் திரும்பப் படம், திரும்பத் தூக்கம். இத்தோடு விட்டிருந்தால் அது கதை. சிரிப்பதற்கு முன்னும் பின்னும் ஈ.எஸ்.ஆர். எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் குறைந்தது ஐந்து புள்ளி இறங்கியது. பெரிய இறக்கம் இல்லை, ஆனால் இறங்கியது ஏறவில்லை என்று குறித்துவைத்தார். சிரிப்புச் சத்தம் பக்கத்து நோயாளிகளுக்குத் தொந்தரவு என்றதும் ஓட்டல் அறைக்கு மாறினார். ஆஸ்பத்திரியைவிட வாடகை மூன்றில் ஒரு பங்குதான் என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்! எட்டாம் நாள் கட்டைவிரலை வலியில்லாமல் அசைத்தார். முழுசாக எழுந்து நடமாட மாதக்கணக்கானது.

இப்படி ஒரு செய்தி என் கையில் இருந்தால் மறுநாளே அச்சேற்றியிருப்பேன். தனக்கென்று ஒரு பத்திரிகையே வைத்திருந்த அவர் 12 வருஷம் பொறுத்திருந்தார். 1976 டிசம்பரில்தான் எழுதினார், அதுவும் டாக்டர்கள் படிக்கும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில். இதே நோய் உள்ளவர்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் தாமதத்துக்குக் காரணம் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார். ஒரே ஓர் ஆளின் அனுபவத்தை வைத்து மருத்துவத்தில் எதுவும் நிரூபணமாகாது என்றார். வைட்டமின் சி வேலை செய்தது வெறும் நம்பிக்கையினால்கூட இருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார். தானாகவே அடங்கக்கூடிய நோய்தான் இது என்று பின்னால் விமர்சித்தவர்களும் உண்டு. அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நான் இடமில்லை என்று வெட்டிய கடைசிப் பத்தி இதைத்தான் பேசியது.

கட்டுரையைப் படித்த டாக்டர்களிடமிருந்து மட்டும் சுமார் 3,000 கடிதங்கள் வந்தன. 1979இல் அது புத்தகமானது. அதற்கு முந்தைய வருஷமே லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. மருத்துவப் பட்டம் இல்லாதவர் மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார். நம்மூர்க் காலை நடைப் பூங்காக்களில் கையைத் தூக்கி ‘ஹா ஹா’ என்கிறோமே, அந்தச் சிரிப்பு மன்றத்துக்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. 1995இல் மும்பையில் அதைத் தொடங்கிய டாக்டர் மதன் கட்டாரியா, தன் மருத்துவ இதழுக்குச் சிரிப்பைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது கசின்ஸின் புத்தகத்தைப் படித்தவர். அங்கே போய்ச் சிரிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, நானே போயிருக்கிறேன். ஆனால் “சிரிப்பு என்பதை ஓர் அடையாளமாகத்தான் சொன்னேன், நம்பிக்கை, அன்பு, ரசனை எல்லாம் சேர்ந்ததைத்தான் சொன்னேன், அது மருத்துவத்துக்கு மாற்று இல்லை” என்று கசின்ஸ் கடைசிவரை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தலைப்புப் போட்டவர்கள் நாங்கள், விளக்கம் சொன்னது அவர்.

இசைக்கு வருகிறேன். 1957 ஜனவரியில், ஆப்பிரிக்காவில் இன்றைய கபோன் நாட்டின் லாம்பரேனேக்கு அவர் போனார். அங்கே காட்டு ஆஸ்பத்திரி நடத்திய ஆல்பர்ட் சுவைட்சர் டாக்டர், பாதிரியார், தேவாலயங்களில் ஒலிக்கும் ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவியை வாசிப்பதில் ஐரோப்பாவின் பெரிய கலைஞர்களில் ஒருவர். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பியானோ, ஈரக்காற்றில் பாழாகிப் பல கட்டைகளில் சத்தமே வராது. சுவைட்சரின் அறையில் இன்னொன்று இருந்தது. கரையானும் ஈரமும் அண்டாமல் துத்தநாகத் தகடு பொதிந்து, ஆர்கனில் இருப்பதுபோல் காலால் அழுத்தும் கட்டைகளும் வைத்து, ஜெர்மன் இசைமேதை பாக்கின் பெயரில் பாரிஸில் இருந்த இசைச் சங்கம் பரிசளித்தது. புழுக்கமான ஓர் இரவு, விளக்குகள் அணைந்தபின் ஆற்றுப் பக்கம் நடந்த கசின்ஸுக்கு அந்த யோகான் செபாஸ்தியன் பாக்கின் ‘டாக்காட்டா’ ஒன்று, விரல்கள் வேகமாக ஓடும் வகை வாசிப்பு, காதில் விழுந்தது. போய் ஜன்னல் தட்டிக்கு வெளியே ஐந்து நிமிஷம் நின்றார். மங்கிய வெளிச்சத்தில் எண்பது தாண்டிய மனிதரின் நிழலுருவம் மட்டும் தெரிந்தது.

அதே லாம்பரேனேயில் உள்ளூர் வைத்தியர் ஒருவரிடமும் சுவைட்சர் அவரைக் கூட்டிப்போனார். வைத்தியர் சிலருக்கு மூலிகைப் பொட்டலம் கொடுத்தார், சிலருக்கு மந்திரித்தார். மூன்றாவது வகை ஆட்களிடம் ஒன்றும் கொடுக்காமல் சுவைட்சரைக் கை காட்டினார். கத்தி வைக்க வேண்டிய நோய் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தவர் பாப்லோ கசால்ஸ், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவில் மேதை. 1966 கடைசியில், தொண்ணூறாவது பிறந்தநாளுக்குச் சில வாரம் முன்பு போர்ட்டோ ரிக்கோவில் அவர் வீட்டுக்கு கசின்ஸ் போயிருந்தார். காலை எட்டு மணி. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு முதியவர் காலைத் தேய்த்துத் தேய்த்து வருகிறார். கூன் விழுந்த முதுகு, வாங்கும் மூச்சு, வீங்கிய கைகள், மடங்கிய விரல்கள். சாப்பாட்டு மேசைக்குப் போகாமல் பியானோ முன் உட்கார்ந்தார். கட்டைகளைத் தொட்டதும் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. முதுகு நிமிர்ந்தது. பாக் வாசித்தார், கூடவே முனகினார். அப்புறம் பிராம்ஸ் என்ற இன்னொரு ஜெர்மன் மேதையின் இசை. சற்று முன் மடங்கிக் கிடந்த விரல்கள் பாய்ந்தன. எழுந்தபோது கால் தேயவில்லை, நிமிர்ந்து நடந்துபோய் நன்றாகச் சாப்பிட்டார். மத்தியானம் செல்லோவை எடுத்தபோதும் இதே மாற்றம். நம் சபாக்களில் கைத்தாங்கலாக மேடை ஏறிய வித்வான் சுருதி சேர்ந்ததும் வேறு ஆளாகிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இசை மூட்டுவலியைத் தீர்த்தது என்று கசின்ஸ் எழுதவில்லை. சாயங்காலம் மறுபடி கூன் விழும் என்று அவருக்குத் தெரியும். எட்டு மணிக்கு இப்படி இருந்தார், வாசித்தபின் இப்படி இருந்தார், அவ்வளவுதான் எழுதினார். நான் டெஸ்க்கில் இருந்திருந்தால் ‘இசையே மருந்து!’ என்று போட்டிருப்பேன்.

கசின்ஸும் கட்டைகளில் விரல் ஓட்டுகிறவர்தான். நோயிலிருந்து எழுந்தபின் எது எது முடிகிறது என்று கணக்குக் கொடுத்திருக்கிறார். டென்னிஸ் ஆட முடிந்தது, குதிரையை விரட்ட முடிந்தது, கேமராவைக் கை நடுங்காமல் பிடிக்க முடிந்தது. அந்த வரிசையில் பாக்கின் டி மைனர் டாக்காட்டாவும் இருக்கிறது. அதையும் முழுக்க வாசித்துப் பார்த்தாராம். நினைத்ததைவிடக் கஷ்டமாகத்தான் இருந்தது, காதும் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறார்.