அமெரிக்க விடுதலைப் போரைத் தாங்கி நின்றது போர்க்களமா, எழுதுமேசையா? 'எழுதுமேசையே!' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், பனிக்கட்டி மிதந்த டெலவேர் ஆற்றை வாஷிங்டன் 1776 கிறிஸ்துமஸ் இரவில் கடந்ததை விவரித்து அரங்கைக் கைதட்ட வைத்தார். "கடிதம் எழுதியா பிரிட்டிஷ்காரனை விரட்டினார்கள்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

1778 ஜூன் 28-ல் மான்மவுத் போர் நடந்தது. அதற்குப் பிறகு 1781 இலையுதிர் காலம் வரைக்கும், மூன்று ஆண்டுக்கு மேல், வாஷிங்டன் நேரில் நின்று நடத்திய பெரும் போர் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியானால் தலைமைத் தளபதி அத்தனை நாளும் என்னதான் செய்தார்? படை கலைந்து போகாமல் பிடித்துவைத்திருந்தார். 13 மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிய அவையான காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. மாவும் இறைச்சியும் காலணியும் ஆளும் வேண்டுமென்றால் 13 மாநிலங்களிடமும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு கேட்புக்கும் ஒரு கடிதம். பதில் வராவிட்டால் இன்னொரு கடிதம்.

அதையும் ஏனோதானோவென்று எழுதவில்லை. 1777 டிசம்பர் 23-ல் வேலி ஃபோர்ஜ் முகாமிலிருந்து காங்கிரஸ் தலைவர் ஹென்றி லாரன்சுக்கு வாஷிங்டன் எழுதிய கடிதத்தில், காலணியும் உடுப்பும் இல்லாததால் வேலைக்கு ஆகாமல் கிடந்தவர்கள் 2,898 பேர் என்று கணக்கு இருக்கிறது. 'ஏராளமானோர்' என்று எழுதியிருந்தால் ஆறுதல் சொல்லி முடித்திருப்பார்கள். துல்லியமான எண்ணைக் கண்ட பிறகு அப்படித் தட்டிக் கழிக்க முடியவில்லை. அடுத்த மாதமே காங்கிரஸ் குழு முகாமுக்கு வந்தது. மார்ச்சில் படைத்தலைவர்களில் ஒருவரான நத்தானியேல் கிரீன் தளவாடப் பொறுப்பை ஏற்றார்.

இன்னொரு கடிதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1780 ஜனவரி, நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுன் முகாம். மாதத் தொடக்கத்திலேயே கடும் பனிப்புயல் அடித்துச் சாலைகள் மூடிவிட்டன, வண்டிகள் வரவில்லை. பசி தாங்காத சிப்பாய்கள் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கைவைக்கத் தொடங்கினார்கள். ஜனவரி 8-ல் நியூ ஜெர்சி மாஜிஸ்திரேட்டுகளுக்கு வாஷிங்டன் சுற்றறிக்கை எழுதினார். எந்த மாவட்டம் எத்தனை மாடு, எத்தனை புஷல் (ஒரு முகத்தல் அளவு) தானியம் தரவேண்டும் என்று பிரித்துக் கேட்டார். கொடுப்பவருக்குச் சான்றுச் சீட்டு உண்டு. காகிதப் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்த காலம் அது. அதனால் இன்றைய சந்தை விலையா, பணம் கைக்கு வரும் நாளின் விலையா என்பதை விவசாயியே தேர்ந்துகொள்ளலாம் என்றும் சேர்த்தார். கடிதத்தைக் கொண்டுபோன அதிகாரிகளிடம் தனியாக ஓர் உத்தரவும் இருந்தது: மாஜிஸ்திரேட்டுகள் மறுத்தால் நீங்களே எடுங்கள், ஆனால் எந்தக் குடும்பத்துக்கும் சாப்பாட்டுக்கு இல்லாமல் செய்யாதீர்கள், கறவை மாட்டைத் தொடாதீர்கள். மாவட்டங்கள் கொடுத்தன. படை பிழைத்தது. எதிரணி நண்பரே, அந்த மாதம் படையைக் காப்பாற்றியது எந்தப் பீரங்கி?

அதை எழுதிய வீடு எப்படி இருந்தது தெரியுமா? ஃபோர்டு குடும்பத்தாரின் மாளிகைதான், ஆனால் தளபதிக்கென்று தனிச் சமையலறை இல்லை. தன்னைச் சேர்ந்த 18 பேரும் ஃபோர்டு அம்மையாரின் ஆட்களும் ஒரே சமையலறையில் நெருக்கியடித்துக் கிடப்பதாகவும், சளி பிடித்து ஒருவருக்கும் பேச வாயெழவில்லை என்றும் ஜனவரி 22-ல் கிரீனுக்கு எழுதினார். தீயருகே உட்கார்ந்தும் பேனா முனையில் மை உறைகிறது என்று வாஷிங்டனின் படைத்தலைவர்களில் ஒருவரான டி கால்ப் எழுதியதும் அதே குளிரில்தான்.

அந்தக் குளிரிலும் வேலைமுறை பிசகவில்லை. தளபதி சாரத்தைச் சொல்வார். ஹாமில்டன், டில்மன், ஹாரிசன் போன்ற உதவியாளர்களில் ஒருவர் வரைவு எழுதுவார். தளபதி திருத்துவார். வேறொரு தாளில் செம்மையாகப் படியெடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். திருத்திய வரைவு கோப்புக்குப் போகும். உறை கிடையாது. தாளையே மடித்து அரக்கு முத்திரை வைத்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதுவார்கள். குதிரைக்காரன் பிடிபட்டால் கடிதமும் போச்சு.

"அப்படிப் பிடிபட்ட கடிதங்களால் எவ்வளவு கேடு!" என்றும் எதிரணி சொன்னது. உண்மைதான். 1775-ல் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் ஆடம்ஸ், சக உறுப்பினர் டிக்கின்சனை அற்பமாகப் பேசி எழுதிய கடிதம் பிரிட்டிஷார் கையில் சிக்கிப் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. டிக்கின்சன் அவரைத் தெருவில் கண்டும் காணாமல் போனார். ஆனால் பகைவன் மெனக்கெட்டுத் தபாலைக் குறிவைக்கிறான் என்றால் அந்தத் தபாலின் எடை என்ன? வாஷிங்டன் அதை அறிந்தவர். பிரிட்டிஷார் பிடியிலிருந்த நியூயார்க்கில் தனக்காக வேலை செய்த ஒற்றர்களிடம் கண்ணுக்குத் தெரியாத மையைக் கொடுத்தார். வெற்றுத்தாளில் எழுதினால் சந்தேகம் வரும், சாதாரணக் குடும்பக் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே எழுதுங்கள் என்று சொல்லியும் கொடுத்தார். சொற்களுக்கும் பெயர்களுக்கும் பதிலாக எழுத, குறியீட்டுப் புத்தகத்தில் 763 எண்கள் இருந்தன, அதில் 711 என்றால் வாஷிங்டன்.

தலைவர்கள் என்றால் சீருடைக்காரர்கள் மட்டும்தானா? ஆடம்ஸ் பிலடெல்பியாவில் இருக்கிறார், மனைவி அபிகெய்ல் சொந்த ஊரான பிரெய்ன்ட்ரீயில் பண்ணையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். 1775 ஜூனில் அவர் கணவருக்கு எழுதுகிறார்: குண்டூசி வாங்கி அனுப்புங்கள், 7 ஷில்லிங் 6 பென்சுக்கு வாங்கியது இப்போது 20 ஷில்லிங், அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வணிகத் தடை ஒரு வீட்டுக்குள் எப்படி இறங்குகிறது என்பதைக் காங்கிரஸ் உறுப்பினருக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லியிருப்பார்கள்?

1781-க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜனவரியில் பென்சில்வேனியாப் படை சம்பளம் கேட்டுக் கலகம் செய்தது. கஜானா காலி. அதே வசந்தத்தில் வாஷிங்டன் காங்கிரசிடம் கேட்டது, தன் போர்க்காலக் கடிதங்களைப் படியெடுக்க எழுத்தர்களை! ரிச்சர்ட் வாரிக் பொறுப்பேற்றார். இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்து 44 தொகுதிகள் முடித்தார்கள்.

கடைசியாக, பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்த யார்க்டவுன் முழுக்கப் பீரங்கியின் வெற்றி என்றார்கள். 1781 மே மாத இறுதியில் வாஷிங்டன் தன் படைத்தலைவர்களில் ஒருவரான லஃபாயெத்துக்கு எழுதிய கடிதத்தைப் பிரிட்டிஷார் கைப்பற்றினார்கள். குறி நியூயார்க் என்று அதில் இருந்தது, அப்போது அதுதான் திட்டமும்கூட. நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷ் தலைமைத் தளபதி கிளின்டன் அதை நம்பி, தெற்கே இருந்த கார்ன்வாலிசிடம் படையைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஆகஸ்டில் திட்டம் தெற்கே திரும்பியபோது, நியூயார்க்கைத் தாக்கவே படை தங்கப்போவதுபோல் நியூ ஜெர்சியின் சாத்தமில் ரொட்டி அடுப்புகளைக் கட்டி அந்த நம்பிக்கையைக் கலையாமல் பார்த்துக்கொண்டார் வாஷிங்டன். அக்டோபர் 17-ல் கார்ன்வாலிஸ் 24 மணி நேரப் போர்நிறுத்தம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். இரண்டு மணி நேரம்தான் என்று பதில் போனது. சரண் நிபந்தனைகளைப் பேச அமெரிக்கத் தரப்பில் அனுப்பப்பட்டவர் ஜான் லாரன்ஸ். தளபதியின் எழுதுமேசையில் உட்கார்ந்து கடிதம் வரைந்த உதவியாளர்களில் ஒருவர் அவர், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.