மண்தொட்டிக்குக் கிரானைட் தோற்றம்

நேயர்களுக்கு வணக்கம்.

மண்தொட்டி, மரத்தட்டு, விளக்குத் தண்டு போன்ற வீட்டுப் பொருள்களைப் பெயிண்டாலேயே கல் போலக் காட்டும் வேலையைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். உதாரணத்துக்கு ஒரே பொருள், ஒரே கல்: ஓர் அடி உயர மண்தொட்டி, சாம்பல் நிறக் கிரானைட். பளிங்கை இப்போதைக்கு விட்டுவிடலாம். பளிங்கின் அடையாளமே கோடுதான். ஒரு கோடு பிசகினாலும் கண்ணை உறுத்தும். கிரானைட்டில் எல்லாம் புள்ளி. ஆயிரம் புள்ளியில் பத்து தப்பினால் யாருக்கும் தெரியாது.

பெயிண்ட் வாங்கும் முன் ஒரு நிஜக் கல் துண்டு வாங்கி வாருங்கள். கிரானைட் கடை வாசலில் அறுத்துப் போட்ட துண்டுகள் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கறுப்பு போன்ற கல் இதற்கு ஆகாது, அதில் புள்ளியே கண்ணுக்குப் பிடிபடாது. வெள்ளையும் கறுப்பும் கலந்த கல்லாகப் பாருங்கள். அதை ஜன்னலோரம் வைத்து ஒரு சாண் தூரத்தில் உற்றுப் பாருங்கள். பால்வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார். மங்கிய கண்ணாடிச் சாம்பலாக இருப்பது குவார்ட்ஸ். கறுப்பாகச் செதில் செதிலாகத் தெரிவது மைக்கா, நம் ஊரில் காக்காய்ப்பொன் என்பார்கள். கல்லைச் சாய்த்தால் அதுதான் மினுக்கும். இவை ஒரே அளவில் இருப்பதில்லை, ஒரே இடைவெளியில் இருப்பதுமில்லை. ஓர் இடத்தில் கறுப்பு கூட்டமாக நிற்கும். பக்கத்திலேயே இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பே இருக்காது. அந்தக் கறுப்பிலும் கொஞ்சம் பழுப்பு உண்டு, வெள்ளையிலும் கொஞ்சம் சாம்பல் உண்டு. இதைக் கவனிக்காமல் டப்பாவில் இருக்கும் வெள்ளையையும் கறுப்பையும் அப்படியே தெளித்தால், பழைய வீட்டு மொசைக் தரைதான் வரும்.

இனி, தொட்டி. இந்த வேலையில் நிலைப்பதும் உரிவதும் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. மண்தொட்டி தண்ணீரை உறிஞ்சும். செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் சுவர் வழியாக வெளியே வரப் பார்க்கும், வழியில் பெயிண்ட் இருந்தால் அதைத் தள்ளிக்கொண்டு வரும். கொப்புளம் விடுவதும், வெள்ளையாக உப்புப் பூப்பதும் இதனால்தான். பெயிண்ட் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய தொட்டி என்றால் ஒரு பங்கு வினிகர், நான்கு பங்கு தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் தேய்த்து உப்பை எடுங்கள்; நன்றாகக் கழுவி இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உள்ளங்கை அளவு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தொட்டியின் சுவரில் ஒட்டி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்த பிறகு உட்புறம் வாட்டர்புரூஃப் கோட்டிங் இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு, அடியுங்கள். அடியிலுள்ள ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். இன்னும் பத்திரமான வழி, செடியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதைத் தூக்கி இதற்குள் இறக்கிவிடுவது.

வெளிப்புறத்தை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். குயவர் சக்கரத்தின் வரிகள் தெரிந்தால் வரிகளை நிரப்பும் வெள்ளை சிமென்ட் பட்டியை (புட்டி) மெல்லியதாக இழுத்து, காய்ந்ததும் 220 நம்பர் தாள் போடுங்கள். உள்சுவருக்குப் பூசுகிற அக்ரிலிக் பட்டி வெளியில் மழைக்குத் தாங்காது. வரியை மறைப்பதற்கு இவ்வளவு பாடு எதற்கு என்றால், மெருகேற்றிய கல் தோற்றத்தில் நிறத்தைவிட வழுவழுப்புதான் கண்ணை ஏமாற்றுகிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்கள் பளிங்கு போலத் தெரிவது எதனால்? சுண்ணாம்புச் சாந்தை அரைத்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியதால். அங்கே ஒரு புள்ளிகூட யாரும் வரையவில்லை.

பிளாஸ்டிக் பொருளாக இருந்தால் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2 அல்லது 5 என்றிருந்தால் அது பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். அதற்கென்று வரும் பிளாஸ்டிக் பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு, இல்லாமல் எந்தப் பெயிண்டும் தோல் போல உரிந்து வந்துவிடும்.

நம் மண்தொட்டிக்கு வாட்டர் பேஸ் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கை. அதன் மேல் எக்ஸ்டீரியர் எமல்ஷன். ஓர் அடி விட்டம், ஓர் அடி உயரத் தொட்டியின் வெளிச்சுவர் சுமார் மூன்று சதுர அடிதான். லிட்டருக்கு நூறு சதுர அடி என்று வைத்தால் ஒரு கைக்கு 30 மில்லி போதும். அதனால் 200 மில்லி வெள்ளை எமல்ஷனில் அடிநிறம், புள்ளி எல்லாமே அடங்கிவிடும். அடிநிறம் எது என்று தெரிய, கல் துண்டை ஆறடி தள்ளி வைத்துக் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். அப்போது தெரியும் ஒற்றைச் சாம்பல்தான் அடிநிறம். வெள்ளையில் கறுப்பு ஸ்டெயினரை, அதாவது பெயிண்டில் கலக்கும் நிறத்தை, சொட்டுச் சொட்டாக விடுங்கள், கறுப்பு மிகவும் வேகமாக ஏறும். ஒரு சொட்டுப் பழுப்பும் சேர்த்தால் சிமென்ட் நிறம் மாறிக் கல்லின் நிறம் வரும். எமல்ஷன் காய்ந்தால் சற்றுக் கருக்கும், ஆகவே ஒரு காகிதத்தில் தடவிக் காயவைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் அடியுங்கள். இரண்டு கை. விளிம்போடு நிறுத்தாமல், உட்புறம் மண் நிரம்பும் மட்டத்துக்குக் கீழே இரண்டு அங்குலம் வரை இறக்குங்கள். உள்ளே செம்மண் நிறம் ஒரு கோடாகத் தெரிந்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது ஸ்பாஞ்ச். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்தெடுங்கள். வெட்டினால் நேர் விளிம்பு அச்சாக விழும். அடிநிறத்தைவிட ஒரு படி கருத்த சாம்பலில் மூன்று பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து தொட்டு, முதலில் பழைய பேப்பரில் ஒற்றி, பிறகு தொட்டியில் ஒற்றுங்கள். ஒவ்வொரு ஒற்றுக்கும் மணிக்கட்டைத் திருப்புங்கள். திருப்பாவிட்டால் ஒரே அச்சு வரிசையாக நிற்கும். அது காய்ந்த பிறகுதான் அழுக்கு வெள்ளையில் இன்னொரு சுற்று. ஈரத்தின் மேல் ஈரம் வைத்தால் இரண்டும் குழைந்து ஒரே சேறாகிவிடும்.

பிறகு தெளிப்பு. இதற்குப் பழைய டூத் பிரஷ். பழுப்பு கலந்த கறுப்புப் பெயிண்டைப் பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, பிரஷ்ஷின் நுனியில் மட்டும் தொட்டு உதறிவிட்டு, ஐஸ் குச்சியால் உங்களை நோக்கி இழுங்கள். இழைகள் எதிர்ப்பக்கம் துள்ளித் தெளிக்கும். தொட்டிக்கும் பிரஷ்ஷுக்கும் ஒரு சாண் இருந்தால் புள்ளி பெரிதாகவும் நெருக்கமாகவும் விழும், இரண்டு சாண் இருந்தால் பரவி விழும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், சில இடங்களை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். முதல் தெளிப்பு எப்போதும் பேப்பரில் விழட்டும், ஏனென்றால் அதில்தான் பெரிய சொட்டுகள் வரும். தொட்டியில் சொட்டு ஒழுகினால் துடைக்காதீர்கள். டிஷ்யூ காகிதத்தின் முனையால் உறிஞ்சுங்கள். கறுப்புக்குப் பிறகு வெள்ளைத் தெளிப்பு, கறுப்பில் பாதி அளவு. வெள்ளிப் பெயிண்ட் மினுக்கு வேண்டுமானால் ஒரே ஒரு மெல்லிய தெளிப்போடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பரிசுப் பொருள் காகிதம் சுற்றிய மாதிரிதான் இருக்கும்.

புள்ளிகள் அதிகமாகி, முரட்டுத்தனமாகத் தெரிந்தால் அழிக்க வேண்டியதில்லை. அடிநிறத்தில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு, ஸ்பாஞ்சால் மேலோட்டமாகத் தடவுங்கள். புள்ளிகள் கல்லுக்குள் அமிழ்ந்தது போல ஆகிவிடும். சரியாக வந்த தொட்டிக்கும் இதை ஒருமுறை செய்துவிட்டு மேலே கொஞ்சம் கறுப்பு தெளிப்பது நல்லது. சில புள்ளி ஆழத்தில், சில மேலே என்று இருப்பதுதான் கிரானைட்டின் தோற்றம்.

ஒரு நாள் காயவிட்டு, வாட்டர் பேஸ் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேற்பூச்சு, மெல்லியதாக மூன்று கை. இரண்டாவது கைக்குப் பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மூன்றாவதை அடியுங்கள். ஆயில் வார்னிஷ் நாளாவட்டத்தில் மஞ்சளாகும், சாம்பல் நிறத்தைக் கெடுத்துவிடும். மழை நாளில் கிளியர் கோட் அடித்தால் ஈரம் சிக்கிப் பால் போல வெளுக்கும். பளபளப்பு வேண்டுமா, மங்கல் வேண்டுமா என்பது எந்தக் கல் என்பதைப் பொறுத்தது. மெருகேற்றிய பலகைக் கல்லுக்குப் பளபளக்கும் கிளாஸ் (gloss), கொத்திய கல்லுக்கு மங்கலான மேட் (matt).

தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இறுக மூன்று வாரம் ஆகும். அதுவரை தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். மரத்தட்டுக்கு இதே வேலையைச் செய்திருந்தால் சூடான டம்ளரை நேராக வைக்காதீர்கள், வட்டமாகத் தடம் விழும். சோறோ பலகாரமோ நேரடியாகப் படுகிற பாத்திரத்தின் உட்புறத்தில் இந்தப் பூச்சு கூடவே கூடாது. வெயிலில் நிற்கும் தொட்டிக்கு மெருகு மங்கும்போது, கழுவிக் காயவைத்து, 400 நம்பர் தாள் போட்டு, கிளியர் கோட் ஒரு கை அடித்தால் போதும்.

நன்றி, வணக்கம்.